விரைக்குள்ள இருக்கிற தடுப்பும் அத உடைக்கிற காட்மியமும்

நம்ம உடம்புலயே இருந்துகிட்டு நம்ம நோய் எதிர்ப்பு சக்திக்கே அந்நியமா தெரியுற செல் ஒண்ணு இருக்கு, விந்தணு. காரணம் சிம்பிள்தான், எது நம்ம ஆளு எது வெளியாளுன்னு உடம்பு சின்ன வயசுலயே கத்துக்குது, விந்தணுவோ வயசுக்கு வந்தப்புறம்தான் உருவாகுது, அதுல இருக்கிற பல புரதங்கள அது வரைக்கும் ரத்தம் பார்த்ததே இல்ல. பார்த்தா தாக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தத்துல விந்தணுவுக்கு எதிரா ஆன்டிபாடி வர்றது இதனாலதான் (அதனால உடம்புக்கு ஒண்ணும் ஆகறதில்ல, பயப்படாதீங்க).

அதனால விரைக்குள்ள ஒரு தடுப்பு. மூளைலயும் இப்படி ஒண்ணு இருக்கு, ஆனா அங்க தடுக்கிறது ரத்தக்குழாயோட சுவரே, இங்க முக்கியமா தடுக்கிறது விந்தணு வளர்ற நுண்குழாய்க்குள்ள வரிசையா நிக்கிற செர்டோலி செல்கள். 1865ல என்ரிகோ செர்டோலின்னு ஒரு இத்தாலிக்காரர் இந்த செல்லுங்கள விவரிச்சு எழுதினப்ப அவருக்கு வயசு 23 தான்! பக்கத்து பக்கத்து செர்டோலி செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இறுக்கி ஒட்டிக்கும். ஆக்லூடின், கிளாடின்-11னு ரெண்டு புரதம் செல் சவ்வுக்கு வெளிய வளையம் வளையமா நீட்டி எதிர் செல்லோட வளையத்த பிடிச்சுக்குது, உள்பக்கம் இசட்ஓ-1 புரதம் அத ஆக்டின் இழைகளோட (செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கிற நூலுங்க) சேர்த்து கட்டுது. கூடவே என்-கேட்ஹெரின்னு இன்னொண்ணு, செல்லையும் செல்லையும் பிடிச்சு நிறுத்துறது அது. குடல்லயும் இதே மாதிரி இணைப்புங்க இருக்கு, ஆனா அங்க இறுக்கி அடைக்கிற இணைப்பு மேல தனி, பிடிச்சு நிறுத்துறது அதுக்குக் கீழ தனி. விரைல ரெண்டும் ஒரே பட்டைல கலந்து கிடக்கு, அதுவும் குழாயோட அடிப்பக்கத்துல. எலில கிளாடின்-11 ஜீன எடுத்துட்டா அந்த ஆண் எலிக்கு குட்டியே பொறக்கறதில்ல.

இப்பதான் சிக்கலே. விந்தணுவா மாறப்போற செல்லுங்க பொறக்கறது தடுப்புக்கு வெளிய, அடிப்பக்கம். வளர்ந்து முடிக்கறது உள்ள. அப்ப நடுவுல தாண்டித்தானே ஆகணும், அதுவும் தினமும் கோடிக்கணக்குல, ஒரு தடவ கூட ரத்தம் உள்ள எட்டிப் பார்க்காம. நகைக்கடைல ரெண்டு கதவு வெச்சு ஒண்ணு சாத்துனப்புறம்தான் இன்னொண்ணு திறக்கும்ல, கிட்டத்தட்ட அதேதான்: தாண்டுற செல்லுக்குக் கீழ புது இணைப்பு கட்டி முடிச்சப்புறம்தான் மேல இருக்கிற பழசு கலையுது, கொஞ்ச நேரம் அந்த செல்லு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. கலைக்கறதுன்னா உடைச்சுப் போடறது இல்ல, செர்டோலி செல்லு அந்த ஆக்லூடினையும் கிளாடினையும் தனக்குள்ள இழுத்துக்குது. டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் இருந்தா அதே புரதம் திரும்ப வெளிய வந்து கீழ கட்டுற புது இணைப்புல சேருது, டிஜிஎஃப்-பீட்டா மாதிரி சைட்டோகைன்கள் (செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல அனுப்புற புரதங்கள்) கை ஓங்கினா உள்ள போனது சிதைஞ்சு போகுது. ரெண்டும் ஒரே செல்லுல, ஒரே நேரத்துல.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது டைமிங். கீழ ஒரு செல்லு தாண்டுற அதே கட்டத்துலதான் மேல முழுசா வளர்ந்த விந்தணு கழண்டு போகுது. எலில பார்த்தது என்னன்னா, அந்த விந்தணுவ பிடிச்சிருந்த லாமினின் புரதம் மேல அறுபடுது, அறுந்த துண்டே கீழ இருக்கிற தடுப்புக்கு திறன்னு சிக்னலா போகுது.

சரி, காட்மியம்ங்கற உலோகத்துக்கு வருவோம். சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைல இருக்கிற பெரியப்பா பையன் ஒருநா கேட்டாரு, "ஏந்தம்பி, பத்தவைக்கறப்ப வர்ற புகைல கொழந்த பொறக்காதுங்கறாங்களே, நெசமா?" நகைய ஒட்டவைக்கற சில பத்தவைப்புப் பொடில காட்மியம் இருக்கும், தங்கத்துல கேடிஎம்னு சொல்றாங்களே அதே சமாச்சாரம். கேட்ஹெரினுக்கு கால்சியம் இருந்தாத்தான் விறைப்பா நின்னு எதிர் செல்ல பிடிக்க முடியும், காட்மியம் அயனி அளவுல ஏறக்குறைய கால்சியம் மாதிரியே இருக்கிறதால அந்த இடத்துல போய் உக்காந்துக்குது, ஆனா கால்சியத்தோட வேலைய செய்யாது. போதாக்குறைக்கு டிஜிஎஃப்-பீட்டா3ய தூண்டி விட்டு ஆக்லூடினையும் குறைக்குது. எலிக்கு ஊசி போட்டா ஒரே டோஸ்ல தடுப்பு கலைஞ்சுடுது, எப்பவும் கலைச்சு கட்டிகிட்டே இருக்கிற இடம்ங்கறதால விரை மத்த உறுப்ப விட சீக்கிரமே அடி வாங்குதுன்னு நான் நினைக்கிறேன்.

ஆனா ஊசில போட்ட அளவும் பட்டறைல மூச்சுல போற அளவும் ஒண்ணு இல்ல, அதனால அண்ணங்கிட்ட கொழந்த பொறக்காதுன்னெல்லாம் நான் சொல்லல. புகை நுரையீரலுக்கே கெடுதல், உள்ள போன காட்மியம் கிட்னில 10 வருஷத்துக்கு மேலயும் தங்கும், அதுக்கே பயப்படலாம். காட்மியம் இல்லாத பொடி கிடைக்குது, அத வாங்குங்க, புகை வெளிய போக ஃபேன் வைங்க, அப்புறம் பட்டறைக்கு வெளிய நின்னு அடிக்கிற சிகரெட்ட நிறுத்துங்க, புகையிலைலயும் காட்மியம் இருக்கு.