கியர் பாக்ஸை இறக்கும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

போன ஆடியில் குடியாத்தத்திலிருந்து ஒரு அம்பாசடர் வந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடைய வண்டி. மகள் கல்யாணத்துக்கு வாங்கியதாம், பேத்தி கல்யாணம் வரை ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. "எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல ஆயில் ஒழுகுது தம்பி. ரெண்டு தடவை கியர் பாக்ஸை இறக்கிட்டாங்க. பேக் சீல் மாத்தியாச்சுன்னு சொல்றாங்க. ஆனா நின்னபாடில்லை" என்றார்.

பானெட்டைத் திறந்தால் பழைய 1489 சி.சி. எஞ்சின். அந்த எஞ்சினில் கம்பெனி வைத்த பேக் சீல் (எஞ்சினின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) என்று ஒன்று கிடையவே கிடையாது. எதை மாற்றினார்களோ, தெரியவில்லை.

மோரிஸ் கார் காலத்தில் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனி செய்த வடிவமைப்பு அது. கிராங்க் என்னும் சுழல்தண்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். கிராங்க் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீலுக்குப் பதிலாகக் கிராங்கிலேயே திருகு மாதிரி மரை வெட்டியிருப்பார்கள். டிரில் பிட் சுற்றும்போது தூளை வெளியே தள்ளுகிறதே, அதையே திருப்பிப் போட்ட மாதிரி. கிராங்க் சுற்றச் சுற்ற அந்த மரை ஆயிலை உள்ளே தள்ளி, அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்கே அனுப்பிவிடும். மரைக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், இரண்டும் உரசாது. உரசாததால் தேயாது. ஆனால் சுற்றினால்தான் வேலை. எஞ்சினை நிறுத்தியதும் அது வெறும் இடைவெளிதான். மூக்கை மேலே தூக்கியபடி ஏலகிரி ரோட்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது தரையில் சொட்டு இருக்கத்தான் செய்யும்.

இதனால்தான் "லீக் ஸ்டாப்" டப்பாவை வாங்கி ஊற்றாதீர்கள் என்று சொல்கிறேன். காய்ந்துபோன ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்வதுதான் அந்த மருந்தின் வேலை. இங்கே உப்புவதற்கு ரப்பர் எங்கே இருக்கிறது? பின்னாளில் வந்த இசுசு 1800 எஞ்சினில் ரப்பர் சீல் உண்டு, அந்தக் கதை வேறு. பழைய வில்லிஸ் ஜீப்புகளில் கிராபைட் கயிறு இருக்கும், அதுவும் வேறு. உங்கள் எஞ்சின் எது என்று தெரியாமல் யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

சரி, வாத்தியார் வண்டிக்கு வருவோம். முதலில் எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவிக் காயவிட்டேன். பிறகு எஞ்சினின் உச்சியை மூடியிருக்கும் ராக்கர் கவரின் பின்பக்கம், டேப்பட் பக்க மூடிகள், சேம்பர் விளிம்பு எல்லாவற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். காட்பாடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி, ஒரு அட்டையை அடியில் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்தினேன். காலையில் பார்த்தால், ராக்கர் கவரின் பின்மூலையிலிருந்து பவுடரில் ஒரு கறுப்புக் கோடு நேராகக் கீழே இறங்கி, கிளச் ஹவுசிங்கின் மேல் விளிம்பில் போய் முடிந்திருந்தது. ஓடும்போது அடிக்கும் காற்று எல்லா ஆயிலையும் பின்னால்தான் தள்ளும். மேலே ஒழுகுவது கீழே பின்பக்கம் சொட்டும். பார்ப்பவர் "ரியர் மெயின்", அதாவது பின்பக்க மெயின் பேரிங் ஒழுகல் என்று பெயர் வைத்துவிடுவார்.

ராக்கர் கவரின் கார்க் பேக்கிங்கை மாற்றினேன். ஆனால் புது பேக்கிங்கும் ஒழுகாது என்று என்ன நிச்சயம்? எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாய்மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். காகிதம் படபடவென்று எழும்பியது. உள்ளே காற்றழுத்தம். உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தால், கறுப்புச் சாந்து மாதிரி அடைத்துக் கிடந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகை வெளியேற வழியில்லை என்றால், கிடைக்கிற ஒவ்வொரு இடுக்கிலும் ஆயிலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். பின்னால் இருக்கும் மரையும் அந்த அழுத்தத்துக்கு முன் தோற்றுப்போகும். அக்னி நட்சத்திர வெயிலில் ஆயில் நீர்த்திருக்கும்போது கேட்கவே வேண்டாம். குழாயைச் சுத்தம் செய்து போட்டதும் பாதிக்கு மேல் ஒழுகல் நின்றது. பிரீதர் சுத்தமாக இருந்தும் காகிதம் எழும்பினால் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அது சிலிண்டரைக் கடையும் ரீபோர் வேலை. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி "இருக்கட்டுமே" என்று ஊற்றி வைப்பவர்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே பின்பக்கம்தான் ஒழுகுகிறது என்றால் எப்படித் தெரியும்? கிளச் ஹவுசிங் அடியில் சிறு ஓட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கி ஆடிக்கொண்டிருக்கும். ஓட்டை அடையாமலிருக்க வைத்தது. அதை ஆணி காணாமல் போன இடம் என்று நினைத்து அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்! மேலே எல்லாம் காய்ந்திருந்து, அந்த ஸ்பிளிட் பின் வழியாக மட்டும் சொட்டினால் ஆயில் உள்ளேயிருந்துதான் வருகிறது. அப்போதும் கியர் பாக்ஸின் முன்பக்கமா எஞ்சினின் பின்பக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விரலில் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், சேம்பரின் பின்பக்க அரைவட்டக் கார்க்கின் மூலைகளில்தான் ஒழுகும் என்று கேள்விப்பட்டு, அனாபாண்ட் என்ற ஒட்டுப் பசையைத் தாராளமாகப் பிதுக்கிப் பூசிவிட்டேன். மூலைகளுக்கு அது தேவைதான், பட்டாணி அளவு போதும். நான் பூசியது உள்ளே பிதுங்கிப் போய், மரை தள்ளும் ஆயில் சேம்பருக்கு இறங்கும் வழியையே அடைத்துவிட்டது. முன்பு சொட்டிய வண்டி இப்போது ஊற்றியது. அந்தச் சேம்பரை என் செலவில் மறுபடி இறக்கினேன்.

மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் ஆடினால் மரையின் இடைவெளி ஒரு பக்கம் விரியும். அதற்கு கிராங்கைக் கடைந்து, அதன் புது அளவுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவதுதான் வழி. சில இடங்களில் பேரிங் கேப்பை அரத்தால் ராவி இறுக்குகிறார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ராவினால் ஓட்டையின் வட்டமே கெட்டுவிடும். பேரிங்குக்கும் ஆகாது, மரைக்கும் ஆகாது. மரைக்குப் பதிலாக ரப்பர் சீல் பொருத்தும் கிட்டும் உண்டு. எஞ்சினை எப்படியும் முழுதாகப் பிரிக்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம், அதற்காகவே பிரிக்க வேண்டாம்.

எப்போது பிரிக்கலாம்? கிளச் பிளேட்டில் ஆயில் பட்டு, மேட்டில் எஞ்சின் இரைந்தும் வண்டி ஏறாமல் வழுக்கினால் இனித் தள்ளிப்போடக் கூடாது. சைலன்சர் குழாயில் ஆயில் விழுந்து புகைந்தாலும் அப்படியே.

வீட்டிலேயே அடியில் படுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். செங்கல்லும் வேண்டாம், பாரத்தில் நொறுங்கிவிடும். ஸ்டாண்டு வையுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பாலாறு ஏற்கெனவே பட்டது போதும்.

வாத்தியாரிடம் பேக்கிங் விலையும் ஒரு நாள் கூலியும்தான் வாங்கினேன். கியர் பாக்ஸை இறக்கவேயில்லை. அட்டையை இன்னும் வண்டிக்கு அடியில்தான் போட்டு வைத்திருக்கிறாராம். காலையில் இரண்டு சொட்டு, சில நாள் மூன்று என்று போனில் கணக்குச் சொல்கிறார். "விடுங்க சார், அது அந்த எஞ்சினோட கையெழுத்து" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.