டெலீட்: அழித்தலா, நீக்கலா, அடித்தலா?

கிளினிக்கில் மாலைக் கூட்டம். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். டோக்கன் போடும் பெண் அவசரத்தில் வேறொருவரின் பதிவை டெலீட் செய்துவிடுகிறார். ஐந்து வருடச் சர்க்கரை அளவுகளும் பென்சிலின் ஒவ்வாமைக் குறிப்பும் திரையில் இல்லை. "எல்லாம் அழிஞ்சு போச்சு டாக்டர்" என்று கலங்குகிறார். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. அந்தக் கலக்கத்தில் பாதியை உண்டாக்கியது அந்தச் சொல்தான்.

டெலீட்டுக்கு மூலம் 'டெலேரே' என்ற லத்தீன் வினை. துடைத்து அழித்தல் என்று பொருள். அச்சுப்பிழை திருத்துபவர்கள் ஓரத்தில் போடும் சுழிக்குறிக்கு 'டெலே', அதாவது 'அழித்துவிடு' என்று பெயர். 'இன்டெலிபிள்' என்ற சொல்லும் இந்த வேரில் பிறந்ததுதான். 1962 பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் வைக்கும் மையை அப்படித்தான் சொல்கிறார்கள். நாம் அதை அழியா மை என்கிறோம். ஆக, மூலப்பொருளுக்கு 'அழி' நேரான தமிழ்.

ஆனால் மென்பொருளுக்குள் டெலீட் அழிப்பதைக் குறிப்பது குறைவு. ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற திறமூல மருத்துவப் பதிவு மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதில் நோயாளியை டெலீட் செய்தால் பதிவு 'வாய்டட்', அதாவது 'செல்லாதது' என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். யார் செய்தார், எப்போது, என்ன காரணம் என்பதும் கூடவே பதிவாகும். தேடினால் வராதே தவிர, தரவுத்தளத்தில் அந்தப் பதிவு அப்படியே இருக்கும். நிர்வாகி அந்தக் குறியை எடுத்துவிட்டால், அப்போது சேர்ந்து மறைந்த வருகைப் பதிவுகளும் சேர்ந்தே திரும்பும். உண்மையில் அழிப்பதற்கு அங்கே 'பர்ஜ்' என்று தனிச் செயல் இருக்கிறது, அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். பர்ஜ் என்றால் கழித்துத் தூய்மையாக்குவது. பேதி மருந்துக்கும் ஆங்கிலத்தில் இதே வேரில்தான் சொல்.

வாய்டுக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: அடித்தல். பத்திரத்தில் பிழை வந்தால் கோடு போட்டு அடிப்பார்கள், பக்கத்தில் கையெழுத்து வைப்பார்கள். அடித்தது படிக்கும்படியே இருக்கும். கேஸ் ஷீட்டிலும் இதுதான் நல்ல வழக்கம். ஒயிட்னர் பூசக் கூடாது. அதனால் திரையில் பட்டனுக்கு 'நீக்கு', உள்ளே நடப்பதற்கு 'அடித்தல்', பர்ஜுக்கு மட்டும் 'அழி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. 'அழி' என்று எழுதியிருந்தால் கை ஒரு கணம் தயங்கும். தயங்கட்டும்.

சரி, பதிவைக் காணோம் என்றால்? முதலில் அடிக்கப்பட்ட பதிவுகளில் தேடச் சொல்லுங்கள். அதற்குள் அதே நோயாளியைப் புதிதாகப் பதியாதீர்கள். ஒருவருக்கு இரண்டு எண்கள் வந்துவிடும், ஒவ்வாமைக் குறிப்பு பழைய எண்ணிலேயே தங்கிவிடும். உண்மையாகவே அழிந்திருந்தால் காப்புப்படிதான், அதாவது பேக்கப்தான் வழி. அதை ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மேல் ஏற்றினால் இன்று காலை முதல் எழுதியதெல்லாம் போய்விடும். வேறொரு கணினியில் ஏற்றி, தேவையான பதிவை மட்டும் எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் பைனரி லாக், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவு, ஓடிக்கொண்டிருந்தால், நேற்றிரவுப் படியிலிருந்து அழித்த நொடிக்கு முன்புவரை நடந்ததைத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள். எனவே முன்மேசைக் கணக்குக்கு 'அழி' அனுமதியே இருக்கக் கூடாது. அடிக்கும் அனுமதி போதும், அதுவும் காரணம் எழுதினால்தான்.