மேட்டில் வாழ்கிறவரிடம் சமதளக் கேள்வி

போன வாரமும் அதே கதைதான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா, நெஞ்சு கிளினிக்கில் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வசனம் பேசி முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்குகிறது. ஆனால் 0 முதல் 4 வரை படிகள் உள்ள மூச்சிரைப்பு அளவுகோல் (எம்எம்ஆர்சி) படிவத்தில் அவருக்கு விழுந்திருப்பதோ 0. ‘கடும் வேலை செய்தால் மட்டும் இரைக்கும்’ என்ற படி அது.

“மேடு ஏறினா எல்லாருக்கும் எளைக்குந்தானேங்க” என்றார். சரி, கொழுந்தெடுக்க மலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். மற்றவர்களுக்கு முன்பே கிளம்பி, மூன்று இடத்தில் உட்கார்ந்து எழும்பிப் போகிறாராம்.

அந்தப் படிவத்தின் 2ஆம் படி ‘சமதளத்தில் உங்கள் வயதுக்காரரை விட மெதுவாக நடக்கிறீர்களா’ என்றுதான் கேட்கிறது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் சமதளத்துக்கு எங்கே போவது? 2 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ‘அறிகுறி அதிகம்’ என்ற கணக்கு. எந்த மருந்து என்பதிலும் அந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு.

“படிவம் தமிழில்தானே இருக்கிறது, பிறகென்ன?” என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தமிழாக்கியதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தோம், பொருந்துகிறது என்பார்கள். பொருந்தட்டும். வசனம் சரி என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. கேட்கப்படும் காரியம் இவர் வாழ்க்கையில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பொதுவான உடல்நலத்தை அளக்கும் எஸ்எஃப்-36 என்ற கேள்வித்தாளின் மூலப் படிவத்தில் கோல்ஃப் ஆடுவது ஓர் உதாரணமாக வருகிறது. அதை எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பவருக்கு அது கேள்வியே இல்லை. மொழிபெயர்த்த பிறகு 30, 40 நோயாளிகளை உட்காரவைத்து, என்ன விளங்கியது, ஏன் இந்தப் பதில் என்று கேட்க வேண்டும் என்பது முறை. நேரமில்லை என்று விடப்படுவதும் அதுதான்.

அதற்காகக் கிளினிக்கில் இருந்தபடி கேள்வியை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். அப்புறம் அந்தப் புள்ளியை எதோடும் ஒப்பிட முடியாது, படிவத்தின் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். படிவத்தை அப்படியே நிரப்பி, ஓரத்தில் எழுதுங்கள்: மலைக்குப் போகும் வழியில் எத்தனை இடத்தில் நிற்கிறார், அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) திரும்புகிறாரா, தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார். புகைப்பழக்கம் இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம், விறகடுப்பைப் பற்றியும் கேளுங்கள். தோட்ட உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்கும்போது எதையுமே கேட்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் “சுகமா இருக்கேன்” என்றுதான் பதில் வரும்.

கிளினிக்குக்கு வருகிற அம்மாமாரே, ஐயாமாரே, முன்பு ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இப்போது எங்கே உட்காருகிறீர்கள் என்று சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.