யாரோ எடுத்துவைத்த முடிவுகள்: வெப் பிரேம்வொர்க் உள்ளே என்ன நடக்கிறது?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக, கூடலூரிலிருந்து குமுளி வழியாக, போடியிலிருந்து போடிமெட்டு வழியாக, தினமும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. எந்த ஜீப்பில் எத்தனை பேர், யார் எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள், யாருக்கு எவ்வளவு கூலி, யார் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவதற்குப் பதில் போனில் போட வழி வேண்டும் என்று ஒரு தோட்டக்காரர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்து தரப்போகிறவர் தேனிப் பக்கம் படித்த ஒரு பெண். அவர் முன்னால் வரும் முதல் கேள்வி இது: எல்லாவற்றையும் நாமே எழுதுவதா, இல்லை ஜாங்கோ, லாரவெல், ரெயில்ஸ் மாதிரி ஒரு பிரேம்வொர்க்கை, அதாவது எல்லா இணையதளத்துக்கும் பொதுவான வேலைகளை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்த கட்டமைப்பை, எடுத்துக்கொள்வதா?

எடுத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பது உள்ளே நடப்பதைப் பார்த்தால்தான் புரியும்.

சூப்பர்வைசர் போனில் ‘சேமி’ பட்டனைத் தட்டுகிறார். போனிலிருந்து கிளம்புவது சில வரி எழுத்துதான்: எந்த முகவரிக்கு, எந்தக் கட்டத்தில் என்ன மதிப்பு. சர்வர் அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்த முகவரிக்கு உரிய வேலை எது என்று பார்க்க வேண்டும். அனுப்பியவர் யார் என்று தெரிய வேண்டும். போனும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு நிமிடம் முன்னால் லாகின் செய்தவரே ஆனாலும், அடுத்த தட்டலில் அவர் அதற்கு யாரோ ஒருவர். ஒவ்வொரு முறையும், லாகின் செய்தபோது சர்வர் கொடுத்துவைத்த அடையாளச் சீட்டான குக்கியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். ஆட்கள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 9 என்பதற்குப் பதில் ‘ஒம்பது’ என்று வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் டேட்டாபேஸில் எழுதி, பதில் பக்கத்தைக் கட்டி அனுப்ப வேண்டும்.

இத்தனை வேலையில் ஏலக்காய் எங்கேயாவது வந்ததா? பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் பக்கத்துக்கும் இதேதான், கோயில் அன்னதானப் பதிவுக்கும் இதேதான். 1990-களில் இணையதளம் செய்தவர்கள் ஒவ்வொரு தளத்துக்கும் இதையெல்லாம் மறுபடி மறுபடி எழுதினார்கள். எழுதி அலுத்துப்போன இடத்தில்தான் பிரேம்வொர்க் பிறந்தது. டேவிட் ஹைனமையர் ஹான்சன் பேஸ்கேம்ப் என்ற மென்பொருளைக் கட்டும்போது எழுதிய பொதுப் பகுதியைத் தனியே பிரித்து, 2004-இல் ரூபி ஆன் ரெயில்ஸ் என்று வெளியிட்டார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற பத்திரிகையின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் தொடங்கிய வேலை, 2005-இல் ஜாங்கோவாக வெளியே வந்தது. பத்திரிகை ஆபீஸ் என்பதால் செய்தியை உள்ளே ஏற்றும் அட்மின் பக்கம் அவர்களுக்கு உடனே தேவைப்பட்டது. அதனால் டேபிளை விவரித்து, அட்மினில் காட்டு என்று ஒரு வரி சேர்த்தாலே போதும், சேர்க்க, திருத்த, அழிக்க ஒரு முழு அட்மின் பக்கத்தை ஜாங்கோ தானே தந்துவிடும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு இது ஒன்றே பெரிய லாபம். அவருக்கென்று தனியாகப் பக்கம் எதையும் எழுத வேண்டியிருக்காது.

பிரேம்வொர்க்கையும், தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான லைப்ரரியையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். லைப்ரரியை நம் நிரல் கூப்பிடும். வேலை முடிந்ததும் கட்டுப்பாடு நம்மிடம் திரும்பி வரும். பிரேம்வொர்க்கில் தலைகீழ். சர்வருக்கு வரும் கோரிக்கையை அதுதான் முதலில் வாங்கும். ஆளைச் சரிபார்க்கும், முகவரியைப் பார்க்கும், அதன்பின் ‘இந்த இடத்தில் உன் வேலை’ என்று நாம் எழுதிய பத்து வரியைக் கூப்பிடும், பதிலை வாங்கித் தானே அனுப்பும். கல்யாண மண்டபம் பிடிப்பது போலத்தான். பாத்திரம், பாய், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். மணமேடை எந்தப் பக்கம், பந்தி எந்தப் பக்கம் என்பதை மட்டும் மண்டபத்துக்காரர் எப்போதோ முடிவு செய்திருப்பார்.

அந்த முடிவுகளில் நமக்கு மிகவும் உதவுவது பாதுகாப்பு. ஒருவர் பெயர்க் கட்டத்தில் ஒற்றை மேற்கோள் குறியைப் போட்டு, அதன் பின்னால் டேட்டாபேஸுக்குப் புரியும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு கட்டளையை எழுதுகிறார். கையால் எழுதிய நிரல் அந்தப் பெயரைக் குவரியோடு, அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியோடு, ஒட்டி ஒரே வரியாக அனுப்பினால், மேற்கோள் குறியோடு பெயர் முடிந்தது என்று டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். மீதியைக் கட்டளையாக நினைத்து நிறைவேற்றிவிடும். கூலி டேபிளே காணாமல் போகலாம். பிரேம்வொர்க் குவரியைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் அனுப்பும். பெயருக்குள் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் பெயர்தான். பாஸ்வேர்டும் அப்படித்தான். ஜாங்கோ 4.2 ஒரு பாஸ்வேர்டைச் சேமிப்பதற்கு முன், திருப்பிப் படிக்க முடியாதபடி 6 லட்சம் சுற்று அரைக்கிறது, டேட்டாபேஸைத் திருடியவன் ஊகித்துப் பார்ப்பதற்குள் ஓய்ந்துபோகட்டும் என்று. இதையெல்லாம் தனி ஆளாக உட்கார்ந்து சரியாக எழுதிவிடுவேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

இனி இன்னொரு பக்கம். முடிவெடுத்தவர்கள் நம் ஊரை நினைத்து எடுக்கவில்லை.

ஜாங்கோவில் புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கினால், அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று வரும். அந்த வரியையே எடுத்துவிட்டால் அமெரிக்காவின் சிகாகோ நேரத்துக்குப் போய்விடும். ஜாங்கோ பிறந்த லாரன்ஸிலும் அதே நேரம்தான்; பிறந்த ஊர்ப் பாசம் போலும். நம் நேரம் யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஆக, விடியற்காலை 5:30-க்கு முன் போட்ட ஒவ்வொரு பதிவும் ‘இன்றைய தேதி’ என்று கேட்கும்போது முந்தைய நாள் தேதியை வாங்கிக்கொள்ளும். இருட்டோடு கிளம்புகிற ஜீப்பில் 5 மணிக்கே பெயர் போட்டால், திங்கட்கிழமை வேலைக்குப் போனவர் ஞாயிற்றுக்கிழமை போனதாகக் கணக்கில் ஏறும். பகல் 11 மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. ‘ஆசியா/கொல்கத்தா’ என்று ஒரே ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அப்படி ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

தமிழ் எழுத்தில் இன்னொன்று. பக்கத்தின் தலைப்பிலிருந்து இணைய முகவரிக்கு ஏற்ற சொல்லைச் செய்து தர ஜாங்கோவில் ‘ஸ்லக்கிஃபை’ என்று ஒரு வசதி உண்டு. அதில் ‘ஏலக்காய்’ என்று கொடுத்தால் வெற்றிடம்தான் திரும்பி வரும். ஆங்கில எழுத்து, எண் தவிர மற்றதை வீசிவிடும். யூனிகோடை, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் குறி தரும் பொது முறையை, அனுமதி என்று சொல்லிக் கொடுத்தால் ‘ஏலககய’ என்று வரும். ஏன்? யூனிகோடில் ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘க்’ என்பது ககரமும் புள்ளியும். ஜாங்கோ எழுதப்பட்ட மொழியான பைத்தானின் கணக்கில் ஏ, ல, க, ய எழுத்துகள். காலும் புள்ளியும் எழுத்தில் சேர்த்தியில்லை, அதனால் அவற்றை உதிர்த்துவிடுகிறது. நாம் 5 எழுத்து என்று எண்ணுகிற சொல்லுக்கு அது 8 என்று எண்ணும். பெயருக்கு 20 எழுத்து போதும் என்று வரம்பு வைத்தால், இரண்டு பெயர் சேர்ந்தவருக்குப் பாதியிலேயே இடம் தீர்ந்துவிடும். அதே சமயம், ஒரே பக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்ட வேண்டும் என்றால் அதற்கான ஏற்பாடு தயாராகவே இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் தோட்டத்து ஆபீஸ் என்றிருக்கும் இடத்தில் இது சின்ன உதவி இல்லை.

வேகத்திலும் ஒரு பொறி உண்டு. டேட்டாபேஸை மறைத்து, ‘ஆள்.ஊர்’ என்று எழுதினாலே ஊர்ப் பெயரை எடுத்துத் தரும் வசதியை ஓஆர்எம் என்பார்கள். 200 பேர் பட்டியலைக் காட்டும்போது, ஆட்களை எடுக்க ஒரு குவரி, ஒவ்வொருவரின் ஊரையும் எடுக்கத் தனித்தனியே 200 குவரி என்று 201 முறை டேட்டாபேஸுக்குப் போய்வரும். நாம் எழுதியது என்னவோ ஒரு வரிதான். ‘செலக்ட் ரிலேட்டட்’ என்று சேர்த்தால் ஒரே குவரியில் முடியும். எளிதாகத் தெரிகிற வரி எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதை மறைப்பதுதான் இந்த வசதியின் குணம். எஸ்க்யூஎல் தெரியாமல் ஓஆர்எம் மட்டும் படித்து வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது சிக்னல். மலை ஏறிய பிறகு பல தோட்டங்களில் டவர் கிடைக்காது. ரெயில்ஸ், ஜாங்கோ, லாரவெல் எல்லாமே கேள்வி வந்தவுடன் பதில் போகும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. சூப்பர்வைசர் காலையில் போடுவதைப் போனிலேயே வைத்திருந்து, மாலையில் இறங்கி வரும்போது அனுப்பும் வேலையை நாமேதான் எழுத வேண்டும். அங்கேயும் பிரேம்வொர்க்கின் பழக்கம் குறுக்கே வரும். பதிவு உருவான நேரத்தைத் தானாகப் போடும் வசதி, சர்வருக்கு வந்துசேர்ந்த நேரத்தைத்தான் போடும். காலையில் ஏறியவர்கள் எல்லாம் மாலையில் ஏறியதாக ஆகிவிடுவார்கள். பாதியில் சிக்னல் அறுந்து போன் மறுபடி அனுப்பினால் ஒரே ஆளுக்கு இரண்டு கூலி விழும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி எண்ணைக் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும்படி செய்ய வேண்டும். போன் பக்கம் ஓடுகிற, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் ரியாக்ட், ஆங்குலர் வகையறாக்கள் இதற்குக் கொஞ்சம் உதவும்தான். ஆனால் முதல் பக்கம் திறக்கவே நிறைய ஜாவாஸ்கிரிப்டை இறக்க வைத்தால், மெட்டில் ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்பவர் நோட்டுக்கே திரும்பிவிடுவார்.

அப்புறம், பிரேம்வொர்க்குக்கு வயதாகும். ஆங்குலரின் முதல் வடிவமாக 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதியவர்களுக்கு, 2016-இல் வந்த ஆங்குலர் 2 கிட்டத்தட்ட வேறு பொருள். பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. ஓட்டை தெரிந்தபின் புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மக்களின் கடன் விவரங்களை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் சாட்சி. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற பிரேம்வொர்க்கில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே மருந்து வந்துவிட்டது. அவர்கள் போடவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைத் தொட்டுவிட்டார்கள். ஒரே பூட்டு ஆயிரம் வீட்டில் இருந்தால், ஒரு சாவி போதும் திருடனுக்கு.

அன்றைய ஏல விலையை மட்டும் காட்டும் ஒற்றைப் பக்கம் என்றால் இதெல்லாம் வேண்டாம். சாதாரண எச்டிஎம்எல் கோப்பே போதும். கொஞ்சம் கூட வேண்டுமென்றால், 2010-இல் ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கையாகத் தொடங்கிய சின்ன பிரேம்வொர்க்கான ஃபிளாஸ்க் இருக்கிறது. ஆள் கணக்கு, கூலி, அட்வான்ஸ் என்று வந்துவிட்டால் நான் ஜாங்கோவைத்தான் சொல்வேன். காரணம் நிரலைவிட ஆள் சம்பந்தப்பட்டது. இன்றைக்கு எழுதித் தந்த பெண் நாளை வேலை கிடைத்துச் சென்னைக்கோ கொச்சிக்கோ போய்விடுவார். அடுத்து வருபவர், டேபிள்களை விவரிக்கும் மாடல்ஸ் கோப்பைத் திறந்தால் ஆள், தோட்டம், வருகை, கூலி எல்லாம் எங்கே இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும்; கையால் எழுதியதாக இருந்தால் முதல் வாரம் தேடுவதிலேயே போய்விடும். ஜாங்கோவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்குக்கூட சுமார் 3 ஆண்டுதான் திருத்தங்கள் வரும். அதனால் மென்பொருளை வாங்கும்போதே, இது எந்தப் பதிப்பு, ஆதரவு எந்த மாதம் முடிகிறது, அடுத்ததற்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று தோட்டக்காரர் எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.