டேன்டேலியன் பாலில் ஒரு கொக்கி

சிங்கப்பூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளை பெற்ற அவருடைய மகளுக்குப் பால் கட்டி மார்பு சிவந்து வீங்கியபோது, பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி மருந்துக் கடையிலிருந்து ‘பு கொங் யிங்’ என்ற காய்ந்த செடியை வாங்கி வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாராம். அது டேன்டேலியன் என்று பிறகு தெரிந்துகொண்டிருக்கிறார். அந்தச் செடியில் உண்மையாகவே ஏதேனும் இருக்கிறதா, வெறும் நம்பிக்கையா என்பது அவர் கேள்வி. இருக்கிறது. ஆனால் இருப்பது மனிதருக்காக உண்டானதன்று, புழுக்களுக்காக உண்டானது.

டேன்டேலியன் குளிர்நாடுகளின் புல்வெளிகளில் தானாக முளைக்கும் சிறு செடி. இலையற்ற குழல் போன்ற தண்டின் நுனியில் ஒற்றை மஞ்சள் பூ மலர்ந்து, முற்றியபின் பஞ்சுக் குடைகளாகப் பறந்துபோகும். நம் ஊர் வரப்புகளில் பூக்கும் மூக்குத்திப் பூண்டு, அதாவது வெட்டுக்காயப் பூண்டு, இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சீன மருந்தாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது மங்கோலிய டேன்டேலியன் என்ற இனத்தை. பூக்கத் தொடங்கும் பருவத்தில் வேரோடு பிடுங்கி உலர்த்துவார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த சுவை, குளிர்ந்த தன்மை, கல்லீரலையும் இரைப்பையையும் சேரும் மருந்து என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். வெப்பத்தைத் தணித்து நச்சை முறித்து வீக்கத்தைக் கரைக்கும் என்று சொல்லி, சீழ்க்கட்டி, தொண்டைப்புண், கண் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மார்புக் கட்டி ஆகியவற்றுக்குக் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை என்பது சீன அரசின் மருந்து நூல் தரும் அளவு.

இச்செடியைப் பற்றிய பழைய குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, தாங் அரச காலத்து மருத்துவர் சுன் சிமியாவ் தம்மையே நோயாளியாக வைத்து எழுதியது. 631ஆம் ஆண்டின் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் இரவு, முற்றத்து மரத்தில் அவருடைய இடக்கை நடுவிரலின் புறம் இடித்துவிட்டது. விடிவதற்குள் பொறுக்க முடியாத வலி. பத்து நாளில் புண் பெருத்து, வேகவைத்த செம்பயற்றின் நிறத்துக்கு வந்தது. பெரியவர்கள் சொல்லக் கேட்ட முறையை நினைவுகூர்ந்து இச்செடியின் வெண்பாலைப் பூசினார். வலி நீங்கியது, மேலும் பத்து நாளுக்குள் புண்ணும் ஆறியது என்கிறார். பத்து நாள் முற்றிய கட்டி எதையும் பூசாவிட்டாலும் ஆறத் தொடங்கியிருக்கலாம் என்ற ஐயம் நமக்கு வர வேண்டும்தான். ஆனாலும் நாள், விரல், நிறம் என்று எழுதிவைக்கும் அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். அவர் கைவைத்த இடமும் சரியான இடம்: அந்த வெண்பால்.

டேன்டேலியனின் வேர் முதல் பூத்தண்டு வரை பாற்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து வலைபோல ஓடுகின்றன. உள்ளே பால் அழுத்தத்தோடு நிற்பதால், எங்கே கடித்தாலும் பீறிட்டு வரும். காற்றுப் பட்டதும் பழுப்பேறிப் பிசினாக இறுகும். கடித்த பூச்சியின் வாய் ஒட்டிக்கொள்ளும். ரப்பரின் மூலச்சரக்கும் இப்பாலில் உண்டு. இதன் கசாக்கிய உறவுச் செடி ஒன்றிலிருந்து சோவியத் ஒன்றியம் டயருக்கு ரப்பர் எடுத்தது. ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்பிரீன் அலகுகளை ஆயிரக்கணக்கில் கோத்தால் ரப்பர். அதே அலகுகளில் மூன்றை மட்டும் கோத்து, மடித்து, ஓரத்தில் லாக்டோன் என்ற, ஆக்சிஜன் கலந்த ஒரு வளையத்தை மூட்டினால் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற வகைப் பொருள் கிடைக்கும். டேன்டேலியன் அதனோடு ஒரு குளுக்கோஸையும் ஒட்டிப் பாலில் சேமிக்கிறது. டராக்சினிக் அமிலத்தின் குளுக்கோஸ் எஸ்டர் என்பது அதன் பெயர். நாக்கில் படும் கசப்புக்கு இவ்வகை லாக்டோன்களே முக்கியக் காரணம்.

இந்த மூலக்கூறில் என்னை மயக்குவது ஒரே ஒரு மூலைதான். லாக்டோன் வளையத்திலிருந்து ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்போடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உள்ள ஆக்சிஜன்கள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், அந்தக் கார்பன் எலக்ட்ரானுக்காக ஏங்கி நிற்கிறது. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலமோ, நுனியில் கந்தகத்தை வைத்துக்கொண்டு எலக்ட்ரானைக் கொடுக்கக் காத்திருக்கிறது. இரண்டும் அருகே வந்தால் கந்தகமும் கார்பனும் கோத்துக்கொள்கின்றன. தூண்டில் முள் மீன் வாயில் ஏறுவது போலத்தான். பெரும்பாலும் எளிதில் கழலாது. எந்தப் புரதத்தின் சிஸ்டீன் என்று அந்தக் கொக்கி பார்ப்பதில்லை. கைக்கு எட்டும் கந்தகம் எதுவானாலும் சரி.

வேரைத் தின்னும் வண்டுப் புழுவின் உடலில் இது மாட்டினால் புழுவுக்குக் கேடு. ஜெர்மனியின் ஜெனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பொருளை உண்டாக்கும் மரபணுவை அடக்கிய செடிகளின் வேரைப் புழுக்கள் விரும்பி உண்டன. இப்பொருள் கலந்த உணவை உண்டவை வளர்ச்சி குன்றின.

நம் செல்லுக்குள் இதே கொக்கி வேறொரு இடத்தில் மாட்டக்கூடும். காயமோ கிருமியோ தாக்கும்போது சிவப்பும் வீக்கமும் வலியும் உண்டாக்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்பும் புரதங்களில் என்.எஃப்.-கப்பா-பி முதன்மையானது. அது டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அதில் கொக்கி மாட்டிவிட்டால் புரதத்தின் பிடி தளர்ந்து, வீக்கத்துக்கான ஆணை பிறப்பதில்லை. ஆர்னிக்கா என்ற இன்னொரு சூரியகாந்தி உறவுச் செடியின் லாக்டோனைக் கொண்டு இது விரிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. டேன்டேலியன் சாறு, ஆய்வகச் செல்களில் இதே பாதையைத் தணிப்பதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. ‘வெப்பத்தைத் தணித்தல்’ என்று பழைய மருத்துவர் சொன்னதற்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்கிவைப்போம்.

ஏனென்றால் இந்தக் கொக்கி தோலின் புரதத்தில் மாட்டினால் நடப்பது நேர்மாறானது. உருமாறிய அந்தப் புரதத்தை நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருள் என்று எண்ணிப் பாய்கின்றன. அரிப்பும் கொப்புளமும் வருகின்றன. டேன்டேலியனின் தோல் ஒவ்வாமைக்கு இதே குளுக்கோஸ் எஸ்டர்தான் காரணம் என்பது 1982இலேயே தெரிந்துவிட்டது. நம் நாட்டுத் தரிசுகளை ஆக்கிரமித்த பார்த்தீனியத்தால் உழவர்களின் முகத்திலும் கழுத்திலும் தோல் தடித்துக் கறுப்பதும் இதே கதைதான். பார்த்தெனின் என்பதும் இதே கொக்கியுள்ள லாக்டோன்.

கஷாயத்துக்கு வருவோம். குளுக்கோஸ் ஒட்டியிருப்பதால் இந்த லாக்டோன் நீரில் ஓரளவு கரையும். ஆனால் குடித்தபின் உணவுப் புரதங்களிலும், நச்சு முறிக்கவென்றே செல்கள் வைத்திருக்கும் குளுட்டாதயோனிலும் ஏராளமான கந்தகம் காத்திருக்கிறது. வழியில் இத்தனை மீன்கள் இருக்க, மார்புவரை எத்தனை தூண்டில் முள் வெறுமையாகப் போய்ச் சேரும்? செல்லின் மேல் நேரே சாற்றை ஊற்றிப் பார்க்கும் ஆய்வு இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2021இல் டேன்டேலியன் இலைச் சாறு கொரோனா முள்புரதம் செல்லில் ஒட்டுவதைத் தடுத்தது என்ற செய்தியும் இத்தகைய தட்டுச் சோதனைதான். அதைத் தடுப்பூசிக்கு மாற்று என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள் மூலிகைக்கும் நன்மை செய்யவில்லை.

இதே குடும்பத்தின் இன்னொரு செடியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மலேரியாவை விரட்டும் ஆர்ட்டிமிசினினும் ஒரு செஸ்குவிடெர்பீன் லாக்டோன்தான், அதன் ஆயுதம் வேறு என்றாலும். 1967இல் சீன அரசு ஒரு திட்டம் தொடங்கிப் பணமும் ஆளும் கொடுத்தது, தூ யூயூ என்ற சீன ஆய்வாளர் பழஞ்சுவடியின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கவைக்காமல் குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார், மனிதரிடம் சோதித்தார்கள், 2015இல் நோபல் பரிசு வந்தது. டேன்டேலியனுக்கு எலிகளும் செல்தட்டுகளும் வாய்த்த அளவுக்கு மனிதச் சோதனைகள் வாய்க்கவில்லை. சிறுநீர் பெருக்குமா என்று பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர் 17 பேர் மட்டுமே. மூலிகை ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது எலிக்கூண்டைத் தாண்டிச் செலவிட வேண்டும் என்பேன்.

பால் வடியும் செடி தாய்ப்பாலுக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடமும் உண்டு. அம்மான் பச்சரிசியை அதற்காகவே கொடுப்பார்கள். நிறம் ஒத்துப்போவது சான்றாகாது. வாசகரின் மகளுக்குப் பால் கட்டியது குழந்தை குடித்ததாலேயே தளர்ந்திருந்தால் நல்லது. காய்ச்சல் இருந்தால் மருத்துவரும், சில வேளைகளில் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும். சீழ் கோத்துவிட்டால் அதை வெளியேற்றியே ஆக வேண்டும், அங்கே எந்தக் கஷாயமும் உதவாது. டேன்டேலியன் இலையில் பொட்டாசியம் மிகுதி, பச்சை இலை 100 கிராமில் சுமார் 400 மில்லிகிராம். சிறுநீரக நோயாளிகள் தொடாதிருப்பது நலம். வீட்டில் யாருக்காவது பார்த்தீனியத்தால் தோல் தடித்த வரலாறு இருந்தால், அந்தப் பொட்டலத்தைப் பாட்டியிடமே பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.