ரோபோவுக்குள் மனிதன் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் தமிழ் பேசும் ஆங்கில விண்வெளிப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அரிசி டிரம் உயரத்தில், சக்கரம் வைத்த டப்பா ஒன்று கீச்கீச்சென்று உருண்டு வந்தது. கதாநாயகன் அதைக் காட்டி, "இந்த இயந்திர மனிதனைக் காப்பாற்றுங்கள்!" என்று கதறினான். கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுல மனுஷன் எங்கடா இருக்கான்?" என்றார். ரோபோவுக்குத் தமிழ் என்று சொல்லி, எத்தனையோ வருடமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவரும் சொல் அந்த 'இயந்திர மனிதன்'. அத்தைக்கு ஒரே ஒரு தடவை போதுமாக இருந்தது.

முதலில் சொல்லின் பிறப்பு. ரோபோ, செக் மொழியின் 'ரொபோட்டா'விலிருந்து வந்தது. பண்ணையார் நிலத்தில் குடியானவன் கூலியில்லாமல் செய்து தீர்க்க வேண்டிய வேலைக்கு அந்தப் பெயர். ஆஸ்திரியப் பேரரசில் அந்த வழக்கம் 1848-இல்தான் ஒழிந்தது. செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் வரும் செயற்கை வேலையாட்களுக்கு லத்தீனைத் தழுவி 'லபோரி' என்று பெயரிட நினைத்தார். மனசுக்கு ஒட்டவில்லை. ஓவியரான அண்ணன் யோசெப்பிடம் போய்க் கேட்க, அவர் தூரிகையை வாயில் கவ்வியபடியே "ரொபோட் என்று வையேன்" என்று முணுமுணுத்தாராம். சரி, அவ்வளவுதான் கதை.

நம்மிடமும் இதற்கு நேரான சொல் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லாத கட்டாய உழைப்பு. வேர்ப்பொருளை விடாமல் பிடித்தால் ரோபோ என்பவன் 'வெட்டியாள்'. இன்றைக்கு அது ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் கிடப்பவனுக்குப் போய்விட்டதால், வருத்தத்துடன் விட்டுவிடுகிறேன்.

இனி 'இயந்திர மனிதன்'. சாப்பெக்கின் ரோபோக்களில் இரும்பே கிடையாது. செயற்கைச் சதைக்கூழை மாவு பிசைவதுபோல் தொட்டியில் பிசைந்து, ஈரலையும் மூளையையும் தனித்தனியாகச் செய்து, நரம்பை நூலாக நூற்று உருவாக்கியவை. பார்வைக்கு மனிதர்களேதான். ஆக, முதல் ரோபோ மனித உருவம், ஆனால் இயந்திரம் இல்லை. 1961-இல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த யூனிமேட் என்ற ரோபோவோ இயந்திரம்தான், ஆனால் வெறும் ஒற்றைக் கை. இரண்டு முனையிலும் பொருந்தாத ஒரு சொல்லை நாம் நடுவில் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆர்டூ-டீடூ என்ற டப்பா ரோபோவுக்கு வேண்டுமானால் இந்தப் பெயர் தகும். அந்த டப்பாவுக்குள் கென்னி பேக்கர் என்ற நடிகர் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார்.

சொல்லைத் தனியாக வைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொடராக்கிப் பாருங்கள். ரோபோ இயந்திர மனிதன் என்றால், மனிதனைப் போலவே இருக்கும் ரோபோ என்ன ஆகும்? 'மனித உருவ இயந்திர மனிதன்'. இதை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். ரோபோக் கை 'இயந்திர மனிதக் கை' ஆகிறது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லத் தோன்றுகிறது. ரோபோ நாய்? 'இயந்திர மனித நாய்'. சுஜாதா தன் கதையில் ஜீனோ என்ற ரோபோ நாயை உலவவிட்டபோது தலைப்பை 'என் இனிய இயந்திரா' என்றுதான் வைத்தார். 'இயந்திர மனிதா' என்று கூப்பிட்டிருந்தால் ஜீனோ கடித்திருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை வினைமுற்றில் இருக்கிறது. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்று தொல்காப்பியர் கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டார். மக்கள் அல்லாதது அஃறிணை. 'மனிதன்' என்று வாலைச் சேர்த்ததும் அந்த டப்பா உயர்திணையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வசனம் எழுதுகிறவர்கள் முதல் காட்சியில் 'வந்தான்' என்கிறார்கள், பழுதானதும் 'நின்றுவிட்டது' என்கிறார்கள், கடைசியில் உலகைக் காப்பாற்றிவிட்டால் 'சாதித்துவிட்டார்'. பேட்டரி தீர்ந்தால் திணை மாறும் என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

'எந்திரன்' அந்த வகையில் தேவலை. 2010-இல் வந்த படத்தின் சிட்டி ஆண் உருவம், ரஜினிகாந்த் முகம், '-அன்' விகுதிக்கு நியாயம் இருந்தது. எந்திரம் வடமொழி யந்திரம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஐங்குறுநூற்றிலேயே கரும்பு எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாகக் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வது அநியாயம். ஆனால் வீட்டைப் பெருக்கும் வட்டத் தட்டை எப்படி 'எந்திரன்' என்பது?

'தானியங்கி'தான் சரி என்று வாதாட ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பணம் எடுக்கும் இயந்திரம் தானியங்கி, துணி துவைப்பது தானியங்கி, ரோபோவும் தானியங்கியா? அப்புறம், பொருளே தலைகீழ். ரொபோட்டா என்பது பிறர் சொல்லிச் செய்வது, தானாக இயங்குவது இல்லை. 1942-இல் அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகளில் இரண்டாவது, மனிதர் இடும் கட்டளைக்கு ரோபோ பணிய வேண்டும் என்பது (அந்தக் கட்டளையால் எந்த மனிதருக்கும் தீங்கு வராத வரைக்கும்).

ஆகவே என் கட்சி 'ஏவற்பொறி'. ஏவினால் செய்வது ஏவல். ஏவலாள் நமக்குப் பழக்கமான சொல். பொறியோ சீவக சிந்தாமணியில் மயிலாகப் பறந்து சீவகனின் தாய் விசயையைக் காப்பாற்றிய பழைய ஆசாமி. முக்கியமாக, அஃறிணை. கை, நாய், தட்டு எதற்கு முன்னாலும் ஒட்டும். மனித உருவில் இருந்தால் 'மனித உருவ ஏவற்பொறி', ஒரே ஒரு மனிதன்தான். பேச்சில் எல்லோரும் ரோபோ என்றே சொல்லட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. மொழிபெயர்த்தே தீருவேன் என்பவர்களுக்குத்தான் இது.

விளம்பர இடைவேளையில் அத்தையிடம் இதைச் சொன்னேன். கீரைத் தண்டை ஒடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஏவலா? யாருக்குடா வெச்சாங்க?"