தொழில் கிரெடிட் கார்டில் சேரும் பயணப் புள்ளிகள்: விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

திருப்பூர், கோவைப் பகுதிகளில் பனியன் நிறுவனங்கள், பம்ப் உதிரிபாகப் பட்டறைகள், சிறு ஏற்றுமதியாளர்கள் ஆகியோரின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் எனக்குச் சில ஆண்டுகளாக அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “சார், தொழிலுக்கென்று தனியாக கிரெடிட் கார்டு வாங்கினால் விமான டிக்கெட் இலவசமாகக் கிடைக்குமாமே, வாங்கலாமா?” வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த டிக்கெட் இலவசமாக வந்ததா, விலை கொடுத்து வாங்கியதா என்பது பில் தொகையைக் கட்டும் நாளில்தான் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 150 ரூபாய் செலவுக்கு 2 புள்ளிகள் தரும் கார்டில் மாதம் 3 லட்சம் ரூபாய் செலவிட்டால் 4,000 புள்ளிகள் சேரும். விமான டிக்கெட்டாக மாற்றும்போது ஒரு புள்ளிக்கு 50 காசு மதிப்பு என்று வைத்துக்கொண்டால், அது 2,000 ரூபாய். அதே மாதம் கையில் பணம் இல்லையென்று குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தை, அதாவது 15,000 ரூபாயை மட்டும் கட்டிவிட்டு 2,85,000 ரூபாயை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், மாதம் 3.5 சதவீத வட்டியில் 9,975 ரூபாயும், அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக ஏறத்தாழ 1,795 ரூபாயும் ஆகும். ஏறக்குறைய ஆறு மாதப் புள்ளிகள் ஒரே மாதத்தில் கரைந்துவிடுகின்றன. வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதாலும், பாக்கி இருக்கும்வரை புதிதாகச் செய்யும் செலவுகளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது என்பதாலும் உண்மையான இழப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் பகுதித் தொழில்களில் இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது என்று யோசித்தால், அதற்கு ஊதாரித்தனம் காரணமல்ல என்பது புரியும். பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் செய்பவருக்குப் பணம் வந்து சேர 60 நாள், 90 நாள் ஆகிறது. கார்டு தரும் வட்டியில்லாக் காலமோ பெரும்பாலும் 45 முதல் 50 நாள்தான். இந்த இடைவெளியைக் கார்டால் நிரப்ப முயல்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அன்றாடத் தொழிலை நடத்தத் தேவையான நடைமுறை மூலதனத்துக்கு, கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் ஓவர் டிராஃப்ட் வசதி வங்கியில் இருக்கிறது. அதன் வட்டி கார்டு வட்டியில் ஒரு சிறு பங்குதான். ஏற்கெனவே கணக்கில் பணம் ஒதுக்கிவைத்த செலவுகளை மட்டும் கார்டில் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்தச் செலவைக் கார்டுக்குக் கொண்டுவருவது என்பதிலும் கவனம் வேண்டும். கூரியர், மென்பொருள் சந்தா, இணைய விளம்பரம், பயணம் போன்றவை பொருத்தமானவை. வாடகை, எரிபொருள், அரசுக்குக் கட்டும் வரி ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் புள்ளிகள் கிடைப்பதில்லை. கூடுதல் கட்டணம்தான் கிடைக்கும். நூல் வியாபாரி கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்டால், ஒரு லட்சம் ரூபாய்க்கு 2,000 ரூபாய் கொடுத்து, மேலே சொன்ன கணக்குப்படி சுமார் 670 ரூபாய் மதிப்புள்ள புள்ளிகளை வாங்குகிறோம் என்று பொருள். ஒப்பந்தக்காரருக்குக் கார்டில் செலுத்தினாலும் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்தம் செய்ய வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தெரிந்தவர் கடையில் கார்டைத் தேய்த்து, பொருள் எதுவும் வாங்காமல் பணமாகத் திரும்பப் பெற்று, அதில் புள்ளிகளும் சேர்க்கும் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். இது கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதமானது. நடக்காத விற்பனைக்குப் பில் போட்டால் ஜிஎஸ்டி சட்டத்தில் அது குற்றமாகவே பார்க்கப்படும். தொழில் கார்டுகளில் செலவிடப்படும் பணம் எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கண்காணிக்கும்படி ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதோடு, ஒரு நிதியாண்டில் கார்டு பாக்கிக்காக 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் கட்டினால், ரொக்கமாக என்றால் ஒரு லட்சம் ரூபாயிலேயே, அந்தத் தகவல் வங்கியிலிருந்து வருமான வரித் துறைக்குச் சென்றுவிடும். 6 லட்சம் ரூபாய் வருமானம் காட்டியவர் 25 லட்சம் ரூபாய் கார்டு பாக்கி கட்டியதற்கு விளக்கம் கேட்டு வந்த நோட்டீசுக்குப் பதில் தயாரிக்க நான் பல நாள்கள் உழைத்திருக்கிறேன். அவர் வரி ஏய்ப்பு செய்தவர் அல்லர்; கடையின் கொள்முதல் முழுவதையும் தம் சொந்தக் கார்டில் செய்தவர், அவ்வளவுதான். சொந்தக் கார்டைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் புள்ளிகளை ரத்து செய்யும் உரிமையைப் பல வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன.

புள்ளிகளைத் துரத்துபவர்கள் கோட்டைவிடும் பெரிய தொகை ஒன்று இருக்கிறது. தொழிலுக்கான விமானப் பயணத்தில் சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முன்பதிவின்போது நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து, விமான நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து வரி விலைப்பட்டியலை எடுத்துவைத்தால் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டு, திரும்பப் பெறலாம். ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் டிக்கெட்டுக்குச் செலவாகும் நிறுவனத்துக்கு இது 10,000 ரூபாய். நம் கணக்கில் ஐந்து மாதப் புள்ளிகள். கார்டின் மாதாந்திர அறிக்கை வரி விலைப்பட்டியல் ஆகாது. கார்டின் ஆண்டுக் கட்டணத்தில் உள்ள வரியைப் பெறவும் வங்கியிடம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும்.

சேர்ந்த புள்ளிகளை வைப்புநிதி போலச் சேமிக்கவும் கூடாது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோதும், 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோதும், அந்த நிறுவனங்களின் பெயர் தாங்கிய கார்டுகளை நம்பியிருந்தவர்கள் தங்கள் திட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பயணப் புள்ளிகளான கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கும் பொதுவாக 36 மாத ஆயுள்தான்.

கடைசியாக, பலரும் பேசத் தயங்கும் ஒரு விஷயம். அண்ணன் தம்பி இருவர் பங்குதாரர்களாக உள்ள ஒரு நிறுவனத்தில் கார்டு அண்ணன் பெயரில் இருந்தது. மூன்று ஆண்டுப் புள்ளிகளில் அண்ணன் குடும்பம் சிங்கப்பூர் போய்வந்தது. தம்பி வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுக் கணக்கில் கையெழுத்திட என் அலுவலகத்துக்கு அவர் வரவேயில்லை. நிறுவனத்தின் பணத்தில் சேர்ந்த புள்ளி நிறுவனத்தின் சொத்து என்று இருவரையும் உட்காரவைத்துப் பேசி, நிறுவனத்தின் பெயரில் கார்டு வாங்கவும், புள்ளிகளைத் தொழில் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்தவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்தேன். கணக்காளர் இப்போது ஒவ்வொரு மாதமும் பில்லோடு புள்ளிக் கணக்கையும் கோப்பில் வைக்கிறார். 2025 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஐடிஎம்ஏ ஆசியா ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்கு, அந்தப் புள்ளிகளில் எடுத்த டிக்கெட்டில் தம்பியும் அவர்களுடைய நிட்டிங் மேற்பார்வையாளரும் போய்வந்தார்கள்.